கவிழ்த்த கிளாஸ்

காலடிப்பேட்டையில் டில்லிபாபுவுக்குப் பிடித்த ஒரே தச்சன் டில்லிபாபுதான். மற்றவர்களெல்லாம் மரத்தைக் கெடுக்கப் பிறந்தவர்கள். இந்த வாயால் பட்டறை பட்டறையாக வேலை போய், கடைசியில் ஒண்டியாகக் கடை போட்டான். ஆள் வரவில்லை.

வந்த ஒரே ஆள் கன்னியம்மா, ஏலத்தில் மீன் எடுத்து விற்பவள். மகள் கீர்த்தி படிக்க ஒரு மேசை வேண்டும், பிள்ளை இடித்துக்கொள்ளாதபடி மூலைகள் உருண்டையாக இருக்க வேண்டும் என்றாள். மேசை பிடித்துப்போனால், எர்ணாவூரில் அவள் கட்டும் வீட்டின் மரவேலை முழுவதும் அவனுக்கு. அதை விட்டால் அவன் கையில் வேறு வேலை இல்லை.

மூலையை வளைக்கப் பெரிய கருவி தேவையில்லை. வட்டமான எதையாவது பலகையின் இரண்டு ஓரங்களையும் தொடும்படி வைத்துப் பென்சிலை ஓட்டினால் போதும். பக்கத்துப் பட்டறை வேம்பு இதற்கென்றே ஒரு தைல டப்பா மூடியை ஆணியில் மாட்டி வைத்திருந்தான். நான்கு மூலைக்கும் அதே மூடிதான்.

"இன்னா மாமு, மூடிக்குப் பூஜை போட்றியா? ரவுண்டுன்னா ரவுண்டுதான். கைல ஆப்புடுறத வச்சி இழு" என்பான் டில்லிபாபு. வேம்பு மூடியைத் துடைத்துத் திரும்ப ஆணியில் மாட்டுவான். பதில் தெரியாத மண்டு என்று இவன் முடிவு கட்டியிருந்தான்.

மேசைக்குக் கோடு போடும்போது டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, அந்தக் கிளாஸையே வைத்து இரண்டு மூலைகளுக்குக் கோடு போட்டான். மீதியைக் குடித்தான். கிளாஸின் அடியில் டீ வழிந்திருந்தது. பலகையில் கறை படுமே என்று கவிழ்த்து வைத்து மற்ற இரண்டையும் முடித்தான். டீ கிளாஸுக்கு வாய் அகலம், அடி குறுகல் என்பது டீ குடிக்கிற எவனுக்கும் தெரியும். இந்த மேதாவிக்குத் தோன்றவில்லை. அறுத்து, தேய்த்து, பாலிஷும் போட்டுவிட்டான்.

கன்னியம்மா ஒவ்வொரு மூலையிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "இன்னாப்பா, இந்தாண்ட ரெண்டும் பெருசா கீது, அந்தாண்ட ரெண்டும் சின்னதா கீது?"

அப்போதுதான் அவனும் பார்த்தான். சின்ன மூலைகளை இன்னும் கொஞ்சம் வளைத்தால் சரியாகிவிடும், தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. தப்பாயிடுச்சுக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை அவன் வாய்க்குப் பழக்கமில்லை.

"இப்போ அதான்க்கா மாடல். மீன் விக்கிறவளுக்கு மரத்தப் பத்தி இன்னா தெரியும்?"

கன்னியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தன் கோபத்துக்குக்கூட அவன் லாயக்கில்லை என்பது போலிருந்தது அந்தப் பார்வை. மேசையை வண்டியில் ஏற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் பேசிய கூலியை வைத்தாள்.

வண்டி பக்கத்துப் பட்டறை வாசலில் நின்றது. சற்று நேரத்தில் அங்கே அரம் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, எர்ணாவூர் வீட்டுக்கு எத்தனை கதவு, எத்தனை ஜன்னல் என்று கன்னியம்மா வேம்புவிடம் சொல்லிக்கொண்டிருந்ததும் கேட்டது.

"தேய்க்கிறான் பாரு, கலீஜா" என்றான் டில்லிபாபு. கேட்கக் கடையில் ஆள் இல்லை.