பஸ் வராத வாரத்தில் ஆடியது

இடஒதுக்கீடு கேட்டுக் கள்ளக்குறிச்சி ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்ட வாரம், நான் மலைமேல் கரியாலூரில் மாட்டிக்கொண்டேன். அங்கே எனக்குப் பால்வாடி டீச்சர் வேலை. சொந்த ஊர் நைனார்பாளையம். ஊரில் கல்யாணம் பேசிப் பூ வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேட்டது ஒன்றுதான், பெண் அடக்கமாக இருக்க வேண்டும். பெண் பார்க்க வந்தபோது கழுத்து வலிக்கிற அளவுக்குக் குனிந்திருந்தேன். அதற்குள் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டேன், பிடித்தும்விட்டது.

பால்வாடியில் சமைக்கிற அக்கா தன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். மைக் செட்டில் சினிமாப் பாட்டு. ஆடாத விருந்தாளிக்கு அவர் வீட்டில் இலை போட மாட்டார்களாம். எங்கள் வீட்டிலோ, பெண் ஆடினால் சாமி வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடி விழும். எனக்குச் சாமி வந்ததே இல்லை.

பஸ் இல்லை, சொந்தக்காரர் யாரும் மலை ஏற முடியாது என்று நினைத்து, முந்தானையைச் செருகிக்கொண்டு ஆட இறங்கிவிட்டேன். கை போன பக்கம் உடம்பு போனது. அப்படி ஒரு சந்தோஷம் அதுவரை எனக்கு இருந்ததில்லை.

பாட்டு முடிந்து திரும்பினால், பந்தல் ஓரத்தில் மாப்பிள்ளையின் அம்மா நிற்கிறார். தனியாக இருக்கிற பெண்ணுக்கு என்ன ஆனதோ என்று மாட்டுவண்டியில் பாதியும் நடையில் மீதியுமாக வந்திருக்கிறார்.

"நல்லாத்தான் கீற போல" என்றார்.

கல்யாணம் போச்சு என்று செருகிய முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன். சமையல்கார அக்காவுக்கு இது எதுவும் தெரியாது.

"வாங்கம்மா, ஒரு ஆட்டம் ஆடிட்டு சாப்புடுங்க."

"நானா? பசிக்குது, சோத்தப் போடும்மா."

"ஆடுனாத்தாங்க சோறு."

பசிதான் அவரை ஆட்டத்தில் இறக்கியது. முதலில் கோழி விரட்டுகிற மாதிரி கையை மட்டும் வீசினார். பிறகு காலும் சேர்ந்துகொண்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அக்கா இலை போட்டுக் கூப்பிட்டார். அவர் வரவில்லை. அடுத்த பாட்டு முடிந்தும் வரவில்லை.

சாப்பிடும்போது இலையைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார், "கீழ போயி யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத."

"சரிங்க அத்தை."

கல்யாணம் நடந்தது. அந்த வீட்டில் ரேடியோ இருந்தது. துள்ளலாக ஒரு பாட்டு ஆரம்பித்தால், என் மாமியார் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து நிறுத்துவார். அம்மாவுக்குப் பாட்டு என்றாலே ஆகாது என்று என் வீட்டுக்காரர் கடைசிவரை நம்பினார். ஆமாம், ஆகாதுதான் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.