டெல்ஃபாவின் தாழ்மை

ஹிக்கரி ஓடைப் பக்கம் இன்றைக்கும் யாராவது அந்த ஒட்டுப்போர்வையை விரித்துப் போட்டால், புதிதாகப் பார்க்கிறவர்கள் அதன் பெயரைக் கேட்டுவிட்டு, "எவ்வளவு அடக்கமான பொம்பளையா இருந்திருப்பா!" என்று நெகிழ்ந்து போகிறார்கள். டெல்ஃபா ஸ்டைல்ஸ் அடக்கமான பொம்பளை இல்லை. அவளோடு ஒரே சர்ச்சில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் பைபிள் மேல் கை வைத்துச் சொல்வார்கள். நல்ல உழைப்பாளி, கை சுத்தம், வாய் சுத்தம். வயிற்றுக்குள் மட்டும் ஒரு நெருப்பு, அணைக்க ஆளில்லாமல் எரிந்துகொண்டே இருந்தது.

அந்த நெருப்புக்கு விறகு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே குடியிருந்தவள் ஓர்லீனா ப்ரூயிட். இருவருக்கும் ஒரே வயது. ஒரே இலையுதிர் காலத்தில் கல்யாணமாகி, ஓசார்க் மலையின் இந்தக் கல்லுக்காட்டில் அடுத்தடுத்த நிலத்துக்கு வாழ வந்தவர்கள். ஓர்லீனாவின் கோழி ஒரு முட்டை கூடுதலாக இட்டால் டெல்ஃபாவுக்கு அன்றைக்குச் சோளரொட்டி தொண்டையில் இறங்காது. மழை பெய்தால்கூட அது முதலில் ஓர்லீனாவின் சோளத்தில் விழுந்துவிட்டுத்தான் தன் பக்கம் வருகிறது என்று நம்பினாள். புருஷன் ஹோபர்ட் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே புகையிலை மென்று பழகியிருந்தான்.

தையலில்தான் அவள் கோபத்துக்கு நியாயம் இருந்தது. டெல்ஃபாவின் தையல் எறும்பு ஊர்கிற மாதிரி, கண்ணை வைத்துத் தேடினால்தான் தெரியும். ஓர்லீனாவின் தையல் எட்டு வைத்து நடக்கும். ஆனால் ஓர்லீனா மாவு மூட்டைத் துணியில் ஒரு கிழிசலையும் பழைய சட்டையில் ஒரு கிழிசலையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பார்க்கிறவர்களுக்கு வாயடைத்துப் போகும். டெல்ஃபா எத்தனை நுணுக்கமாகத் தைத்தாலும் ஊர் என்னவோ அந்தத் துணியைத்தான் பார்த்தது.

இந்த மலையில் போர்வைக் கோலங்களுக்குப் பெயர் வைப்பது தைத்தவள் இல்லை. துண்டுகளை இணைத்து மேல்துணியை முடித்ததும், அதை அடித்துணியோடு சேர்த்துத் தைக்க, விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கும் மரச்சட்டத்தை இறக்கி, அதில் போர்வையை இழுத்துக் கட்டி, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட வேண்டும். சுற்றி உட்கார்ந்து தைக்கிறவர்கள் வாயில் என்ன வருகிறதோ அதுதான் பெயர். கரடி வந்து தேன்கூட்டைப் பிரித்த வருஷம் தைத்தது 'கரடிப் பாதம்'. ஒருத்தியின் புருஷன் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்த லட்சணத்தைப் பார்த்துச் சிரித்து வைத்தது 'குடிகாரன் பாதை'. 'அலையும் கால்' என்று ஒன்று இருந்தது. அதைப் போர்த்திப் படுத்த பையன்கள் வீடு தங்குவதில்லை என்று கிளம்பிய பேச்சில் ஒரு தாயும் அதைத் தொடவில்லை. பெண்கள் கூடி அதையே 'வான்கோழிக் காலடி' என்று மாற்றினார்கள். துணி அதே துணி, கோலம் அதே கோலம். பையன்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அப்படித்தான் ஒருநாள் ஓர்லீனாவின் போர்வையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, 'ஓர்லீனாவின் காற்றாடி' என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். டெல்ஃபாவும் தட்டினாள். வீட்டுக்கு வந்து பால் வாளியை ஓர் உதை விட்டாள். ஓடை நெடுகிலும், மலைக்கு அந்தப் பக்கத்திலும்கூடப் பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லித் தைத்தார்கள். கல்லறைக் கல்லில் எழுதுகிற பெயரைப் பாசி மூடிவிடும். போர்வையில் ஏறிய பெயர் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். தன் பெயரும் அப்படி ஒரு போர்வையில் ஏற வேண்டும் என்பது டெல்ஃபாவுக்கு அன்றிலிருந்து பசி மாதிரி ஆகிவிட்டது. சாவதற்குள் ஒன்று, ஒன்றே ஒன்று போதும் அவளுக்கு.

இன்னொரு வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குறையில்லாமல் படைப்பது கடவுள் ஒருவர்தான் என்பதால், பெண்கள் போர்வையில் வேண்டுமென்றே ஒரு கட்டத்தைத் தப்பாகத் தைத்து வைப்பார்கள். ஒரு துண்டைத் திருப்பி வைத்தால் போதும். தாழ்மைக் கட்டம் என்று அதற்குப் பேர். ஓர்லீனா ஒவ்வொரு போர்வையிலும் வைப்பாள். டெல்ஃபா ஒன்றில்கூட வைத்ததில்லை. "தப்பு தானா வராதவங்களுக்கு எதுக்கு அதை இழுத்து வைக்கணும்?" என்று பாதிரியாரின் மனைவி கோரா மேப்ரியிடமே கேட்டவள் அவள்.

வறட்சி ஆரம்பித்த வருஷத்து வசந்தத்தில் ஓர்லீனா எதையோ மறைத்து மறைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வெயில் காட்டக் கொடியில் போட்டால் பின்பக்கத்தை வெளியே காட்டிப் போட்டாள். கவுண்டிச் சந்தையில் நடக்கும் போர்வைப் போட்டிக்குப் புதுக் கோலம் ஒன்று வரப்போகிறது என்று டெல்ஃபாவுக்குப் புரிந்தது. இன்னொரு 'ஓர்லீனாவின்' ஏதோ ஒன்று. அதை நினைத்தாலே நெஞ்சு எரிந்தது.

ஒருநாள் அவள் அவரைப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது காற்று ஒரு தூக்குத் தூக்கியது. போர்வையின் கீழ்மூலை மடங்கி வந்து வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. ஒரே ஒரு கட்டம், நல்ல பக்கம், அவள் மூக்குக்கு நேரே. நான்கு சதுரங்கள், ஒவ்வொன்றும் மூலைக்கு மூலை குறுக்கே பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. மூன்று கறுப்புகள் நடுவைப் பார்த்து நிற்க, நான்காவது மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. டெல்ஃபா பார்த்த பார்வையில் அந்தத் துணியே பொசுங்கியிருக்க வேண்டும். ஓர்லீனா ஓடிவந்து மூலையை விடுவித்துக்கொண்டு போவதற்குள் அது அவள் மனதில் பதிந்துவிட்டது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். டெல்ஃபாவுக்குப் பதறாமல் இருக்க நேரமில்லை. முந்திக்கொண்டு பெயரை வாங்கிவிட வேண்டும். பழைய செய்தித்தாளில் அச்சு வெட்டினாள். ஹோபர்ட்டின் நல்ல கறுப்புக் கால்சட்டையையே கத்தரித்தாள். கட்டத்துக்குப் பின் கட்டம், எல்லாம் அந்த ஒன்றைப் போலவே தைத்தாள். அடுப்பில் பீன்ஸ் தீய்ந்தது. ஹோபர்ட் தீய்ந்ததைத் தின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது என்று மட்டும் கேட்டான். அவள் அடுத்த கட்டத்துக்கு ஊசியில் நூல் கோத்தாள்.

எல்லாக் கட்டத்தையும் இணைத்துத் தரையில் விரித்துவிட்டு, அவளே ஓர் எட்டுப் பின்னால் போய்ப் பார்த்தாள். தனியாகப் பார்த்தால் உடைந்த மாதிரி இருந்த அந்த நான்காவது கறுப்பு, அடுத்த கட்டத்தின் கறுப்போடு சேர்ந்து, மலைப்பாதை போல மேலிருந்து கீழே வளைந்து வளைந்து இறங்கியது. ஒரு கட்டத்தில் குறையாகத் தெரிவது நூறு கட்டத்தில் ஒழுங்காகிவிடும் போலிருக்கிறது. ஓர்லீனாவின் மூளையை நினைத்து அவளுக்கு அழுகையே வந்தது. அதையும் துடைத்துவிட்டுச் சட்டத்தை இறக்கினாள்.

பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடாமல் இருந்தால் ஊர் சிரிக்கும், அதனால் ஓர்லீனாவையும் கூப்பிட்டாள். ஓர்லீனா வந்தாள், உட்கார்ந்தாள், துணியைப் பார்த்தாள். ஊசியில் நூல் கோக்க அவளுக்குக் கொஞ்சம் நேரமானது. டெல்ஃபா குனிந்த தலை நிமிராமல் தைத்தாள்.

மற்றவர்கள் புகழ்ந்து தள்ளினார்கள். இது எங்கிருந்து வந்தது என்று கோரா மேப்ரி கேட்டாள்.

"எங்கிருந்து வரும் கோரா அக்கா? ஆண்டவர்தான் காட்டினார்," என்றாள் டெல்ஃபா. "எனக்கென்ன தெரியும்? என் கை வெறும் கைதானே."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன: 'மலைப்பாதை', 'பாம்பு வேலி', 'வற்றிய ஓடை'. ஒன்றிலும் டெல்ஃபாவின் பெயர் இல்லை. அப்போது ஓர்லீனா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"என்னைக் கேட்டா, 'டெல்ஃபாவின் தாழ்மை'ன்னு வைக்கலாம்," என்றாள். "இவ்வளவு அழகாச் செஞ்சுட்டு, நான் ஒண்ணுமே செய்யலைன்னு சொல்றா பாருங்க."

கோரா மேப்ரியின் கண் கலங்கிவிட்டது. அதுதான் பெயர் என்று தீர்ந்தது. டெல்ஃபாவின் காதில் 'டெல்ஃபாவின்' என்பது மட்டும்தான் விழுந்தது. பெயர் கிடைத்துவிட்டது, அதுவும் அந்த வாயாலேயே. அன்றைக்கு அவள் எல்லோருக்கும் இரண்டாவது முறை ஆப்பிள் பை பலகாரம் வெட்டிக் கொடுத்தாள். ஓர்லீனாவுக்குப் பெரிய துண்டு.

அடுத்த திங்கட்கிழமை, துணி துவைக்கிற நாள், ஓர்லீனா தன் போர்வையைக் கொடியில் விரித்தாள். இந்த முறை நல்ல பக்கம் டெல்ஃபாவின் வீட்டைப் பார்த்து. மூலை முடுக்கெல்லாம் இழுத்து, சுருக்கமில்லாமல் விரித்தாள்.

டெல்ஃபா வாளியைக் கீழே வைத்தாள். கட்டத்துக்குக் கட்டம் நான்கு கறுப்பும் நடுவைப் பார்த்து நின்று, முழுசு முழுசாக வைரங்கள். ஒரு வைரம்கூட உடையவில்லை. கீழ்மூலையில் ஒன்று மட்டும், ஒரு துண்டு திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஓர்லீனா கடவுளுக்காக வைத்த தப்பு. அதைத்தான் டெல்ஃபா ராவும் பகலும் உட்கார்ந்து நூறு தடவை தைத்திருக்கிறாள். ஓர்லீனா தாழ்மை என்று ஏன் பெயர் வைத்தாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

"நல்லாப் பாத்துக்கோ டெல்ஃபா. இன்னிக்குக் காத்தே இல்ல," என்றாள் ஓர்லீனா.

டெல்ஃபா திருடியதாக ஓர்லீனா ஊரில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. டெல்ஃபாவுக்கு அதுவே தாங்கவில்லை. பெயரை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். போகிற இடமெல்லாம் 'தாழ்மை டெல்ஃபா' என்று கையைப் பிடித்தார்கள். அவளும் தலையைக் குனிந்து சிரித்தாள். மனதுக்குள் ஓர்லீனாவை ஆயிரம் தரம் ஓடையில் முக்கி எடுத்தாள்.

சந்தையில் இரண்டு போர்வைகளும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. முதல் பரிசான நீல ரிப்பன் டெல்ஃபாவின் போர்வைக்கு. ஓர்லீனாவின் வைரங்களைப் பார்த்த பெண்கள், "இதுவும் டெல்ஃபாவின் தாழ்மைதானே? கொஞ்சம் மாத்தித் தச்சிருக்கா," என்று சொல்லிக்கொண்டு நகர்ந்தார்கள். முதலில் பெயர் வாங்கியது எதுவோ அதுதானே ஊருக்கு மூலம். பெயரை வைத்ததோ ஓர்லீனாவே, அத்தனை பேர் முன்னாலும். அது டெல்ஃபாவின் கோலம் இல்லை என்று இனி எந்த வாயால் சொல்வாள்? அவள் முகம் செத்துப் போனதை டெல்ஃபா கூட்டத்துக்கு இடையில் பார்த்தாள். தனக்கு இருபது வருஷமாகத் தெரிந்த முகம் அது. தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்தது.

அந்தக் குளிர்காலத்தில் டெல்ஃபா இன்னொரு 'தாழ்மை' தைத்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக, வழக்கப்படி, கீழ்மூலையில் ஒரு கட்டத்தை வேண்டுமென்றே மாற்றித் தைத்தாள். வெயில் வந்ததும் நல்ல பக்கம் வேலியைப் பார்க்கக் கொடியில் விரித்தாள். ஓர்லீனா ஈரத்துணியைப் பிழிந்தபடி வந்தவள் அப்படியே நின்றாள். கோணல் கட்டங்களுக்கு நடுவே, மூலையில் ஒரே ஒரு முழு வைரம்.

"மூலையில ஒண்ணு தப்பா இருக்கு டெல்ஃபா," என்றாள் கடைசியில்.

"தெரியும் ஓர்லீனா. கடவுள் ஒருத்தர்தானே தப்பில்லாம செய்வார்."

இருவரும் செத்து வெகுகாலம் ஆகிறது. ஹிக்கரி ஓடைப் பெண்கள் அந்தப் போர்வையை இன்றும் தைக்கிறார்கள், மூலையில் அந்த ஒரு வைரத்தை மறக்காமல் வைக்கிறார்கள். அது என்ன என்று கேட்டால், தப்பாக வைக்க வேண்டிய கட்டம் என்கிறார்கள்.