பாடைச் சுழியும் என் முதுகும்

முதுகில் டிஸ்க் நகர்ந்த பிறகு பைக்கைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். குதிரையைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் பெட்டைக் குதிரைக்கு ரவால் நடை. மேலே இருப்பவனைக் குலுக்காது. சேரில் உட்கார்ந்த மாதிரி போகலாம். சுந்தரபாண்டியத்துத் தோப்புக்குக் கையில் டீ கிளாஸோடு போவேன், சிந்தாது. அவள் இல்லையென்றால் எனக்குக் கட்டில்தான் கதி.

அவளுக்குப் பதினாலு வயதானதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அதே நடையோடு ஒரு குட்டி வேண்டும். ஆண் குதிரை பார்க்க என் மனைவியின் அண்ணனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மச்சான் மாட்டுக்குச் சுழி பார்ப்பவர். மயிர் எங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்து, அந்த மாடு வீட்டை வாழவைக்குமா, தெருவில் நிறுத்துமா என்று சொல்லிவிடுவார். குதிரைக்கும் அதே சட்டம்தான் என்பது அவராக எடுத்த முடிவு. என் புத்தி அன்றைக்கு மேயப் போயிருந்தது.

கூமாப்பட்டியில் ஒரு செவலை. பானை வயிறு, கழுதை மூஞ்சி. ஆனால் நடை! அப்பப்பா! இந்த வட்டாரத்தில் ரவால் நடை உள்ள ஆண் குதிரை அவன் ஒருவன்தான். மச்சான் பிடரியை விலக்கினார். சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

“பாடைச் சுழி மாப்ளே! வச்சிருக்கவன் வருசம் திரும்பறதுக்குள்ள போய்ச் சேந்துருவான்.”

ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார். குதிரைக்காரர் எழுபதைத் தாண்டியவர், செவலையைக் குட்டியிலிருந்து வளர்த்தவர், எதிரிலேயே வெற்றிலை மென்றுகொண்டு கல்லு மாதிரி நின்றார். அதையாவது நான் யோசித்திருக்கலாம்.

செட்டியார்பட்டி வெள்ளைக் குதிரை கல்யாண ஊர்வலத்தில் ஆடுகிறவன். சுழியெல்லாம் சுத்தம். அவன் அழகைப் பார்த்து நானும் வாயைப் பிளந்தேன். அவனோடு சேர்த்தோம்.

பெண் குட்டி பிறந்தது. மூன்று வருடம் பொத்திப் பொத்தி வளர்த்து, ஒரு நாள் டீ கிளாஸோடு ஏறினேன். பத்தடிதான். இடுப்பு கழன்றது, டீ முழுக்க மச்சான் வேட்டியில். இறங்கி, வெட்கமில்லாமல் அழுதேன்.

மச்சான் போனதும் மனைவி என்னைக் கிழட்டுப் பெட்டையிடம் கூட்டிப்போய்ப் பிடரியை விலக்கிக் காட்டினாள். அதே பாடைச் சுழி.

“வாங்கியாந்த அன்னைக்கே பாத்துட்டேன். சொன்னா அண்ணன் பேச்சக் கேட்டு வித்திருப்பிய. அதான் முடிய இந்தப் பக்கமாவே சீவி விட்டேன்.”

“கூமாப்பட்டிக்குப் போனப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?”

“அங்க நடந்தத எங்கிட்ட யாரு சொன்னா?”

பதின்மூன்று வருடமாக அந்தச் சுழி மேல் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். இன்னும் ஒரு ஈத்து தாங்குவாள் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை அவள் மேலேயே கூமாப்பட்டிக்குப் போனேன். குதிரைக்காரர் அதே வெற்றிலையோடு வந்தார்.

“உங்க மச்சான் சொல்லிட்டுப் போன பொறவு ஒருத்தனும் பெட்டை கொண்டாரலய்யா. சும்மா எதுக்குத் துள்ளிக்கிட்டுன்னு காயடிச்சு விட்டுட்டேன்.”

ஒரு டீ கொடுத்து அனுப்பினார். வழியெல்லாம் கையில் பிடித்தபடி வந்தேன், குடிக்க மனசில்லை. வீடு வரைக்கும் ஒரு சொட்டு சிந்தவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.