மகன் வீட்டைச் சொந்த வீடு என்று சொல்லிவிட்டேன்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோணல்மாணலாகத்தான் எழுத வரும், சிலதை மறந்தும் போனேன். பொறுத்துக்கொள்ளுங்கோ.

ரூஜ் பகுதியில் மகனோடு இருக்கிறேன். என் அறை மேல்மாடியில், முழங்கால் படி ஏற விடுகிறதில்லை. வருமானத்துக்கு ஏற்ற வாடகையில் வயதானவர்களுக்கு எலிவேட்டர் உள்ள வீடு கிடைக்கும் என்று கேள்விப்பட்டேன். அது எப்படி என்று அறிய ஆசை. மகனுக்குச் சொல்லாமல் பஸ் ஏறி, டோர்செட் பார்க் பகுதியில் அந்த வீட்டுக்குப் பெயர் பதிந்து கொடுக்கிற இடத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த தமிழ்ப் பிள்ளை, "அன்ரி, உங்களுக்குச் சொந்த வீடு இருக்கோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை, ரூஜில பெரிய வீடு." இல்லை என்று சொன்னால் மகனுக்கல்லவா குறை.

"பெரிய வீட்டை வச்சுக்கொண்டு இஞ்ச ஏன் அன்ரி வந்தனீங்கள்? உங்களுக்குத் தரமாட்டினம்."

எழும்பி வாசல் வரை வந்துவிட்டேன். ஆனாலும் கேட்காமல் போக மனம் வரவில்லை.

"மகன்ரை வீட்டையுமோ பிள்ளை கணக்கில எடுப்பினம்?"

"ஐயோ அன்ரி! வீட்டு உறுதிப் பத்திரத்தில உங்கடை பேர் இருக்கோ?"

"இல்லை. அவன்ரையும் மருமகளின்ரையும்."

"அப்ப அது உங்கடை வீடு இல்லை. நல்லகாலம் கேட்டியள், வந்து இருங்கோ."

'உங்கடை வீடு இல்லை' என்ற சொல் சுருக்கென்றது. ஆனாலும் பதிந்துவிட்டேன். வீடு வர வருடக்கணக்காகுமாம்.

இப்போது எந்தக் கந்தோருக்கு அலுவலாகப் போனாலும், வீட்டைப் பற்றிக் கேட்டால், "ஆரின்ரை பேரில இருக்கிற வீட்டைக் கேக்கிறியள்?" என்று கேட்ட பிறகுதான் பதில் சொல்கிறேன்.

நான் விளங்கிக்கொண்டது சரியோ தெரியாது. விபரம் தெரிந்தவர்கள் பார்த்து, இந்தப் பத்திரிகையிலேயே பதில் எழுதுங்கோ. மகனுக்கு இன்னும் சொல்லவில்லை, அவன் தமிழ் வாசிக்கமாட்டான்.