குட்டியானையில் வந்த செந்தலைக் குரங்கு

கணவன் இறந்தபின் அவனுடைய குட்டியானை வண்டியை விற்காமல் தானே ஓட்டத் தொடங்கியவள் ராயபுரம் ஜூடி. லோடு வண்டி ஸ்டாண்டில் முதலில் யாரும் அவளுக்கு இடம் விடவில்லை. எல்லா வண்டிகளுக்கும் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து சோறு தின்றாள். அப்புறம் விட்டார்கள்.

போன ஆடியில் விமல் என்பவன் காத்திவாக்கம் கிடங்கிலிருந்து ராயபுரத்துக்கு ஒரு கூண்டை ஏற்றினான். வெளிநாட்டு நாய் என்று சொல்லித் தானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். எர்ணாவூர் அருகே கன்டெய்னர் லாரி வரிசையில் வண்டி மாட்டியது. பின்னாலிருந்து வந்தது நாயின் சத்தமில்லை. ஜூடி இறங்கித் தார்ப்பாயை விலக்கினாள்.

சாம்பல் உடம்பும் செங்கல் நிற உச்சந்தலையுமாக ஒரு குரங்கு. இடுப்பில் கயிறு அறுத்த புண். அவளைக் கண்டதும் இமைகளை இறக்கிக் காட்டியது. கரிய முகத்தில் இமை இரண்டும் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன. அது கெஞ்சவில்லை, மிரட்டியது.

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது என்றான் விமல். வெளிநாட்டு மிருகத்துக்கு நம் ஊரில் கேஸ் கிடையாது என்றும் சொன்னான்.

“அங்க காட்டயெல்லாம் வெட்டிட்டானுங்கக்கா. கறிக்கும் அடிச்சுத் துன்றானுங்க. கொஞ்சந்தான் மிச்சம் கீது. அதான் இவ்ளோ கிராக்கி.”

“கொஞ்சந்தான் கீதுன்றே. அதுல ஒண்ணத் தூக்கி என் வண்டில ஏத்திக்கீறே.”

வெளிநாட்டு மிருகங்களுக்கும் கேஸ் உண்டு என்று சட்டம் சில வருடங்களுக்கு முன்பே மாறிவிட்டது அவளுக்குத் தெரியாது. வண்டி தன்னுடையது என்பது மட்டும் தெரியும். அதைச் சாலைக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு போலீசுக்குப் போன் செய்தாள். விமல் அவள் கையை முறுக்கினான். திட்டுவதற்காக இறங்கிவந்த லாரி டிரைவர் பக்ருதீன் கூண்டைப் பார்த்துவிட்டு அவனைப் பிடித்துத் தள்ளினார். போலீஸ் வந்தது, பின்னாலேயே காட்டிலாகா வந்தது.

கால்நடை மருத்துவர் மகிமா அதைச் செந்தொப்பி மங்கபே என்றாள். நைஜீரியாவிலிருந்து காபோன் வரை கடலோரச் சதுப்புகளிலும் அலையாத்திக் காடுகளிலும் பெருங்கூட்டமாக வாழும். கெட்டியான கொட்டைகளைப் பல்லால் உடைக்கும். உதிர்ந்த கொட்டைகளைத் தேடித் தரையிலேயே மேய்வதால் கண்ணியில் எளிதில் சிக்கும். அழியும் அபாயத்தில் இருக்கும் இனம். எந்தக் காட்டில் பிடித்தார்கள் என்று தெரியாததால் இதைத் திருப்பி அனுப்ப வழியில்லை, இனி மிருகக்காட்சி சாலைதான் என்றாள்.

ஜூடிக்குக் கோபம் வந்தது. “அப்போ நான் நிறுத்துனதுக்கு இன்னா பிரயோஜனம்?”

“கேஸ் கோர்ட்டுல நின்னா அடுத்தத வாங்க ஆளு யோசிப்பான். நிக்கிறதுக்குச் சாட்சி வேணும்.”

ஜாமீனில் வந்த விமல் ஸ்டாண்டுக்கு வந்தான். கூண்டில் என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லை எனக் கோர்ட்டில் சொல்லச் சொன்னான். முந்தைய வாரம்தான் யாரோ அவள் வண்டியின் முன்கண்ணாடியை உடைத்திருந்தார்கள். மற்ற டிரைவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

“பாத்தேன்டா. அதுவும் என்னப் பாத்துது. ரெண்டயும் சொல்லுவேன்.”

சொன்னாள். விமலின் வக்கீல் மூன்று முறை மாற்றிக் கேட்டும் அதையே சொன்னாள். வழக்கு இன்னும் முடியவில்லை. கிடங்குக்காரர்கள் இப்போது அவளைக் கூப்பிடுவதில்லை. காசிமேட்டுக்கு ஐஸ் லோடு அடிக்கிறாள். ஸ்டாண்டில் அவள் வண்டி எப்போதும் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறது.