உமி நிறைந்த கிண்ணம்

பட்ஜி கிளி விதையை முழுதாக விழுங்காது. தோலை உரித்துப் பருப்பைத் தின்றுவிட்டு, உமியை அதே கிண்ணத்தில் போட்டுவிடும். அதனால் தீர்ந்துபோன கிண்ணமும் பார்வைக்கு நிறைந்தே இருக்கும். தினமும் ஊதிப் பார்க்க வேண்டும். உமி பறந்த பிறகு மிஞ்சுவதுதான் தீனி.

இதை நான் எழுத்தில் கொடுத்திருந்தேன். கிளாங்கில் என் தங்கைக்குக் கண் அறுவை சிகிச்சை. ஆறு நாள் அவளோடு இருக்க வேண்டும். என் பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் ஒரு ஜோடி பட்ஜியும் ஒரு ஹாம்ஸ்டர் எலியும் இருந்தன. எதிர்வீட்டு நண்பரிடம் சாவியைக் கொடுத்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்தவர். ஞாயிறு தோறும் தேவாலயத்தில் என் பக்கத்தில் உட்காருபவர். அரசாங்க வேலையில் தலை நரைத்தவன் ஆதலால் ஒரு படிவமும் தயாரித்தேன். மேலே விதிமுறைகள், கீழே நாளுக்கொரு கட்டம். 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற வரியில் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் தோறும் அவருக்குப் போன் செய்தேன். எல்லாம் நன்றாகச் சாப்பிடுகின்றன என்றார். நான்காம் நாள், தான் உள்ளே நுழைந்ததும் ஆண் கிளி பாட ஆரம்பித்துவிட்டது என்றார். தங்கையிடம்கூட அதைச் சொல்லி மகிழ்ந்தேன்.

திரும்பி வந்தபோது பெண் கிளி கூண்டின் தரையில் விறைத்துக் கிடந்தது. ஆண் கிளி சிறகை உப்பிக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருந்தது. கிண்ணம் விளிம்புவரை நிறைந்திருந்தது. ஊதினேன். கிண்ணத்தின் அடி தெரிந்தது. ஹாம்ஸ்டர் மட்டும் கொழுகொழுவென்று இருந்தது. அது யாரையும் நம்பாத பிராணி. சூரியகாந்தி விதைகளை மரத்தூளுக்கடியில் முன்பே பதுக்கியிருந்தது.

படிவத்தில் ஆறு கட்டங்களிலும் கையெழுத்து. ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே மூச்சில் போட்டது. இப்படி நிரப்பிய வருகைப் பதிவேடுகளுக்கு எத்தனையோ பேரிடம் விளக்கம் கேட்டு எழுதியவன் நான்.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"மொத ரெண்டு நாள் வந்தேன்லா. கிண்ணம் நெறஞ்சே இருந்துச்சு. சரி, இதுங்களுக்குப் பசியில்லைன்னு விட்டுட்டேன்."

"அப்புறம் பாடுச்சுன்னு சொன்னியே?"

"நீ சந்தோஷப்படுவன்னு சொன்னேன்."

"கையெழுத்து?"

"நீதான கேட்ட. போட்டேன். ஒரு குருவிக்குப் போய் விசாரணைக் கமிஷன் வைக்கிறியே."

கிளி என்று திருத்தத் தோன்றியது. திருத்தவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு வந்தேன். தட்டில் புதிய தினையைப் போட்டு ஆண் கிளியின் முன்னால் வைத்தேன். நான் அறையை விட்டுப் போகும்வரை அது தொடவில்லை.

அடுத்த மாதம் தங்கையின் இன்னொரு கண்ணுக்கு நாள் குறித்தார்கள். ஹாம்ஸ்டரின் கூண்டில் ஒரு வாரத்துக்கான விதையைக் கொட்டினேன், அது பார்த்துக்கொள்ளும். ரயிலில் பிராணிகளைக் கொண்டுபோகக் கூடாது. அந்த விதியை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் ஆசாமி நான். ஒரு காலணிப் பெட்டியில் துளைகள் போட்டு, கிளியை உள்ளே விட்டு, துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நண்பர் வாசலில் நின்றிருந்தார். எங்கே என்று கேட்டார். கிளாங் என்றேன். பையைப் பார்த்தார். சாவி கொடுத்துவிட்டுப் போ என்று சொல்வார் என ஒரு கணம் நின்றேன். அவர் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

ரயில் ஷா ஆலாம் தாண்டும்போது பெட்டிக்குள் ஒரு கீச்சொலி. எதிரே இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். நான் பலமாக இருமினேன்.