வாசற்படி தாண்டாத குடை

ராயப்பேட்டையில் ஒரு குடைக் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடியில் ஒரு ஹால், ஏழெட்டுப் பெண்கள், ஓயாத அரட்டை, அவ்வளவுதான். துணியைக் கம்பியோடு சேர்த்துத் தைப்பது என் வேலை. ஒரு குடைக்கு இவ்வளவு என்று கூலி. முதலில் அந்தக் கூலியைக் குறைத்தார்கள். பிறகு வாரத்தில் பாதி நாள் வேலையே இல்லை. கடைசியில் முதலாளி எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: “சைனாலேர்ந்து கப்பல்ல வந்து எறங்குற முழுக் குடையே, நான் வாங்குற துணியவிட சீப்பா கீதும்மா. நான் இன்னா பண்றது?” அவரைத் திட்டக்கூட எனக்கு மனசு வரவில்லை.

மந்தைவெளியில் இரண்டு வீடுகளுக்குச் சமைக்கப் போனேன். பழைய சம்பளத்துக்குக் கிட்டேகூட வராது. ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? என் வீட்டுக்காரர்தான் இருக்கிறாரே. “அந்தக் கப்பல் குடை மட்டும் நம்ம வாசப்படி தாண்டுச்சு, நான் மனுசியா இருக்கமாட்டேன்” என்றேன். தி.நகர் பிளாட்பாரத்தில் கைக்குட்டை விற்கிற மனுஷன், தலையாட்டினார்.

அந்த மழைக்காலம் முழுக்க அவர் தொப்பலாக நனைந்துதான் வீடு வந்தார். நான் தைத்த குடை ஒன்று வீட்டில் இருந்தது. அதை எனக்கென்று விட்டுவிட்டுப் போவார். தலை துவட்டிவிடும்போதெல்லாம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

ஒரு நாள் அவருக்கு இருமல் அதிகமாயிற்று. மனசு கேட்காமல், குடையை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன். தி.நகரில் அவர் இடத்தில் கைக்குட்டையே இல்லை. கயிறு நிறையக் கலர் கலராக அதே கப்பல் குடைகள். நடுவில் அவர் தொண்டை வற்றக் கூவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரல் நின்றுவிட்டது.

“மழைல கைக்குட்டை யாரும் வாங்கலம்மே. அதான்… வூட்டுக்கு ஒண்ணுகூட எடுத்தாரல.”

இத்தனை குடையை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் தினமும் நனைந்திருக்கிறார்.

“யோவ், குடை விக்கிறவன் நனைஞ்சுகினு போனா ஊரு சிரிக்காதா? ஒண்ணு எடு” என்றேன்.

வீட்டு வாசலில் அதை மடக்கி, வெளியிலேயே வைக்கப் போனார். நான் பிடுங்கி உள்ளே கொண்டுபோய் என் குடைக்குப் பக்கத்தில் மாட்டினேன். கை சும்மா இருக்குமா? தையலைத் தடவிப் பார்த்தது. எந்த ஊரிலோ ஒருத்தி ஒழுங்காகத்தான் தைத்திருந்தாள். ஒரு குடைக்கு அவளுக்கு என்ன கொடுக்கிறார்களோ.